பதினான்கு ஊசிகளும் ஜெபமணி சிஸ்டரும்

ஜெபமணி சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். அவருடைய மகள் பாளையங்கோட்டையிலிருந்து பேசினார். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழவில்லை என்றார். பிள்ளைகளைப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரவில்லை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அன்றும் அதுதான் வந்தது.

மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். வாசலில் கட்டியிருந்த பதாகையில் அவரைப் பொறுமையின் வடிவம் என்றும் அமைதியின் உருவம் என்றும் அச்சடித்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர் என்றே பேசினார்கள். எந்த ஜெபமணி சிஸ்டரைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டவர்களும் அவருடைய கனிவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றே கேட்டார்கள். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவரை ஒரு வருஷம் முழுக்க வெறுத்தவள். அவர் சைக்கிளின் மேல் கல்லெறிந்தவள். அவர் ஒரு தவறு செய்தார். அதில் ஒரு உயிர் போயிற்று. சுகாதார நிலையங்களில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவர் எங்கள் ஊரிலிருந்து மாற்றப்பட்டார் என்பது மட்டும்தான் தெரியும். ஏன் என்று தெரியாது. அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை இருந்தாள். என் சிநேகிதி. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஆறாம் வகுப்பு படித்தோம். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவில் எங்கள் ஊர். என் வாப்பா சவூதியில் ஒரு கடையில் வேலை பார்த்தார். வீட்டில் உம்மாவும் நானும் மட்டும். பேச்சியின் அம்மா மாடத்தி அக்கா வயல் வேலைக்குப் போவார். அப்பா செங்கல் சூளையில் சுமை தூக்கினார். நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு தம்பி அவளுக்கு இருந்தான். எங்கள் தெரு வேறு, அவர்கள் தெரு வேறு. காலையில் கால்வாய்ப் பாலத்தில் சந்தித்து, கரையோடு நடந்து பள்ளிக்கூடம் போவோம். சாயங்காலம் அதே பாலத்தில் பிரிவோம்.

பேச்சிக்குப் பயம் என்பது கிடையாது. ஆறு கலங்கி ஓடும் மழைக்காலத்திலும் படித்துறை மண்டபத்தின் மேலேறிக் குதிப்பாள். அக்கரைக்கு நீந்திப் போய், அங்கே நின்று என் பெயரைக் கத்துவாள். கணக்கு சார் மாதிரி மூக்கைச் சுளித்துப் பேசிக் காட்டும்போது அவரே பின்னால் வந்து நின்றுவிட, "சரியா இருக்கா சார்?" என்று கேட்டவள். அவள் பயந்தது ஊசிக்கு மட்டும். ஐந்தாம் வகுப்பில் தடுப்பூசி போட வந்த அன்று ஜன்னல் வழியாகக் குதித்து ஓடி, பள்ளிக்கூடம் விடும்வரை நாணல் புதருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாம் வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு சாயங்காலம், செங்கல் சூளைப் பக்கமிருந்து ஒரு நாய் ஓடி வந்தது. குரைக்கவில்லை. நேராக வந்து பேச்சியின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. இரண்டு பல் பதிந்திருந்தது. கொஞ்சம் ரத்தம். கால்வாயில் இறங்கிக் காலைக் கழுவினாள். பிறகு என்னைப் பார்த்து, "யார்ட்டயும் சொல்லிராத ளா" என்றாள். அவளுடைய பெரியம்மா மகனுக்கு நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டதை அவள் பார்த்திருந்தாள். அவன் வயிறு வீங்கிக் கிடந்த கதையை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். உம்மாவிடம் மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணு. நீ சொன்னன்னா நான் செத்துருவேன்."

சத்தியம் செய்தேன். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குரியவர் செத்துப்போவார் என்பது எங்களுக்குள் மறுபேச்சில்லாத சட்டம். எனவே சொல்லவில்லை. புண் ஆறிப்போனது. நாங்களும் மறந்துபோனோம்.

இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் என்று பேச்சி பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஊரே அவளைப் பற்றிப் பேசியது. கடித்த இடம் எரிகிறது என்று காலைச் சொறிந்துகொண்டே இருந்தாளாம். தண்ணீர் கொடுத்தால் தொண்டை இறுகித் திமிறினாளாம். சொம்பைக் கண்டாலே அலறினாளாம். திருநெல்வேலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் போய்விட்டாள். உடம்பை ஊருக்குக் கொண்டுவரவில்லை. அங்கேயே எரித்துவிட்டுத் தாயும் தகப்பனும் வெறுங்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆற்றை நீந்திக் கடந்தவள் ஒரு வாய்த் தண்ணீருக்குப் பயந்து செத்தாள் என்பதை நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, பெண்கள் பேசுவதிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு நேராக யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் பொங்குகிறது. ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். அல்லா நாடியது நடந்துவிட்டது, நீ அதையே நினைக்காதே என்றார் உம்மா. பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கவைத்தார்கள். மூன்றாவது நிமிஷம் பாடம் தொடங்கிவிட்டது. அடுத்த நாளே பேச்சியின் இடத்தில் வேறொரு பிள்ளையை உட்காரவைத்தார் டீச்சர். நான் அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கீழே தள்ளினேன். அதற்கு முழங்கையில் பிரம்படி வாங்கினேன். ஏன் தள்ளினாய் என்று டீச்சர் கேட்கவில்லை. அவளோடு தினமும் நடந்து வந்தாயே, நாய் கடித்தது உனக்குத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிள்ளைகளிடம் யார் கேட்கிறார்கள்?

நான் சொன்னால் சாவேன் என்றாள். நான் சொல்லவில்லை. செத்துப்போனாள். அப்படியானால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். பதினோரு வயசில் இரவும் பகலும் இதையே சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நின்றேன். அவளைக் கொன்றது நான்.

பேச்சி போன நாலாம் நாள் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஜீப்பில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. அதற்குள் நாய்க்கடி மருந்து. மூன்று மாதமாக இல்லாத மருந்து. அவளோடு பழகிய எல்லோருக்கும் ஊசி போட வேண்டும் என்று உத்தரவாம். அவளுடைய அப்பா, அம்மா, தம்பி, பக்கத்து வீட்டார், பிறகு நான். நாங்கள் மாங்காயைக் காக்காக்கடி கடித்துத் தின்பவர்கள் என்பதை யாரோ உம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். உம்மா பயந்துபோய் என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். பேச்சி எந்தப் பதினாலு ஊசிக்குப் பயந்தாளோ அந்தப் பதினாலு ஊசியும் எனக்கு வந்தது. போட்டவர் ஜெபமணி சிஸ்டர்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான, கனத்த உடம்பு. வெள்ளைச் சேலை. வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஒரு சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். குரல் கண்டிப்பாக இருக்கும். "வயித்த எளக்கமா வச்சுக்கோ. இறுக்குனா வலிக்கும்" என்பார். நான் வேண்டுமென்றே இறுக்கிக்கொள்வேன். வலிக்கட்டும் என்றே போனேன். வயிறு தடித்து, கல் மாதிரி ஆனது. நடக்கும்போது குனிந்து நடந்தேன். ஒரு நாளும் அழவில்லை. பெரிய ஆட்கள்கூட ஐயோ அம்மா என்று கத்திய அறை அது.

ஒன்பதாம் நாள் உம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நான் தனியாகப் போயிருந்தேன். சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, எல்லாரும் கத்துகிறார்கள், நீ மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டார். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் ஏன் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"எனக்குப் பதினாலு பத்தாது. இன்னும் போடுங்க" என்றேன்.

எதற்கு என்றார்.

"நாய் கடிச்சது எனக்குத் தெரியும். நான் யார்ட்டயும் சொல்லல. அதான் அவ செத்துட்டா."

சிஸ்டர் ஊசியை எனாமல் தட்டில் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்குக் கீழே இருந்தது.

"மைமூனு, நல்லாக் கேட்டுக்கோ. அவ இங்கன வந்தா. கடிச்ச மறுநாளே, பள்ளிக்கூடத்து இடைவேளைல வந்தா. நாந்தான் கால சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வச்சேன். ஊசி மருந்து இங்க இல்ல, உங்க அம்மையக் கூட்டிட்டு வா, திருநவேலிக்குப் போவணும்னு சொல்லி அனுப்புனேன். அவ வரல. வரலியேன்னு நான் தேடிப் போவல. அன்னைக்கு நூறு சோலி. மறந்துட்டேன். நீ ஒண்ணும் செய்யல. நாந்தான் அவளத் திருப்பி அனுப்புனேன்."

இதைக் கேட்டு என் மனப்பாரம் இறங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. காலால் தட்டை உதைத்தேன். கண்ணாடிச் சிரிஞ்சு சுவரில் பட்டு உடைந்தது. அவர் தோளில் இரண்டு கையாலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. சத்தம் கேட்டு வாட்ச்மேன் கதவைத் தட்டினார். ஒன்றுமில்லை, போங்கள் என்று உள்ளேயிருந்தே சொன்னார். கை ஓய்ந்த பிறகு அவரே கதவைத் திறந்துவிட்டார். நான் ஓடினேன்.

ஓடும்போது எனக்குப் பேச்சியின் மேலும் கோபம் வந்தது. சொல்லப்போனால் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோபம். என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டு, எனக்குத் தெரியாமல் அவள் மட்டும் போயிருக்கிறாள். ஊசிக்குப் பயந்து ஜன்னலில் குதித்தவள், தானாகவே ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிருக்கிறாள். மருந்து இல்லை என்றதும் சந்தோஷமாகத் திரும்பியிருப்பாள். காலில் மருந்து வைத்தாயிற்று, ஊசியிலிருந்து தப்பித்தாயிற்று என்று நினைத்திருப்பாள். அன்று இடைவேளை முடிந்து வகுப்புக்குத் தாமதமாக வந்தவள், எங்கே போனாய் என்று நான் கேட்டதற்கு, நாவல் பழம் பொறுக்கப் போனேன் என்றாள். ஒரு பழம்கூட எனக்குத் தரவில்லையே என்று அவளோடு சாயங்காலம் வரை பேசாமல் இருந்தேன்.

மறுநாள் ஊசிக்குப் போக மாட்டேன் என்று உம்மாவிடம் அடம்பிடித்தேன். காரணம் சொல்லவில்லை. பத்து மணிக்குச் சிஸ்டர் ஐஸ் பிளாஸ்கோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னிடம் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், உம்மாவிடமும் சொன்னார். உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிள்ளையிடம் போய் இதையெல்லாம் சொல்லலாமா சிஸ்டர், அவள் மறக்கட்டும் என்றல்லவா நாங்கள் இருக்கிறோம் என்று கேட்டார். அதற்குச் சிஸ்டர் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

"ரகசியம் வச்சது பிள்ளைக. மருந்து வைக்காதது பெரியவுக. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. அத அவகிட்ட யாராவது சொல்லணும்லா."

அன்று நான் ஊசி போட்டுக்கொண்டேன். போட்டு முடித்ததும் அவர் சேலையில் துப்பினேன். உம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். சிஸ்டர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டிலிருந்து அவர் நேராக மாடத்தி அக்கா வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் திரும்பிப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. மாடத்தி அக்கா வேலைக்குப் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். சிஸ்டர் நின்றுகொண்டே சொன்னார். கடித்த மறுநாள் உங்கள் மகள் வந்தாள், மருந்து இல்லை, நான் திருப்பி அனுப்பினேன், உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றார். மாடத்தி அக்கா எழுந்து அவர் முடியைப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் எழவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தனியாவா வந்தா?"

ஆமாம் என்றார் சிஸ்டர்.

மாடத்தி அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயும் கூடப் போவலியா ளா?" என்றார். எனக்குத் தெரியாது, என்னிடமும் சொல்லவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னார். சிஸ்டர் போய்விட்டார். நான் அங்கேயே இருந்தேன். அன்றுதான் முதல்முதலாக அழுதேன். மாடத்தி அக்கா என்னைத் தேற்றவில்லை. அவரும் அழுதார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதோம். தம்பி விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். யாரும் யாரையும் போதும் என்று சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த துக்க வீடு அதுதான்.

ஆனால் கோபம் தீரவில்லை. சிஸ்டரின் சைக்கிளின் மேல் கல்லெறிந்தேன் என்றேனே, அது அந்த வாரம்தான். பதினாலாவது ஊசி முடிந்த மறுநாள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய், சுகாதார நிலையத்தின் வெளிச்சுவரில் பெரிதாக எழுதினேன். இங்க மருந்து இல்ல. பேச்சி செத்துப் போனா. அவ்வளவுதான். வாட்ச்மேன் வெள்ளையடித்து மறைத்தார். திரும்பவும் எழுதினேன். திரும்பவும் வெள்ளையடித்தார். மூன்றாம் முறை நான் எழுதிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சைக்கிளை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த முறை வெள்ளையடிக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். ஊர்க்காரர்கள் பாதிப்பேர் வாசலில் கூடியிருந்தோம். சுவரில் எழுதியிருந்ததை அவர் படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். டாக்டர் தெரியாது என்றார். வாட்ச்மேன் தெரியாது என்றார். நான் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஜெபமணி சிஸ்டர் முன்னால் வந்தார்.

"யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எழுதியிருக்கது நெசம் சார். மருந்து கேட்டு மூணு தடவ எழுதிப் போட்டோம், வரல. அந்தப் பிள்ள வந்தா, நான் திருப்பி அனுப்புனேன். ரெண்டையும் எழுதிக்கிடுங்க."

கூட்டத்தின் முன்னால் இதெல்லாம் என்ன பேச்சு, உள்ளே வாருங்கள் என்றார் அதிகாரி. சிஸ்டர் உள்ளே போகவில்லை. இந்தப் பேச்சை வெளியில்தான் பேச வேண்டும், இவர்கள் பிள்ளைதான் செத்தது என்றார். குரல் நடுங்கியது. அது பயத்தில் வந்த நடுக்கம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம்தான். அவருக்கும் என்னைப் போலவே கோபம் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மருந்து ஏன் வரவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. எழுதிப் போட்ட மூன்று கடிதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன ஒருவரைத்தான் ஒரே மாதத்தில் ஆழ்வார்குறிச்சிக்கு அப்பால் ஒரு மலையடிவார ஊருக்கு மாற்றினார்கள். அவர் போன அன்று வழியனுப்ப எங்கள் ஊரில் ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. பாலத்தில் நின்று பார்த்தேன். சைக்கிளைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டும்வரை கீழே நின்றிருந்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

இனி வருவது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய விடுமுறையில், துணி எடுக்க உம்மாவோடு திருநெல்வேலி டவுணுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதே பஸ்ஸில், முன் சீட்டில் ஜெபமணி சிஸ்டர். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு சிறுவனும் அவன் தாயும். நாய் கடித்த பிள்ளை. சிஸ்டர் அவனுடைய நல்ல கையைப் பிடித்திருந்தார். திருநெல்வேலி வரை விடவில்லை.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். மைமூன்தானே என்றார். ஆமாம் என்றேன். உம்மாதான் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். புதிய ஊரில் நாய் கடித்து வருகிற பிள்ளைகளை அவர் வெறுமனே சொல்லி அனுப்பிவிடுவதில்லையாம். தானே கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாராம். திங்கள்கிழமை தோறும் திருநெல்வேலி மருந்துக் கிடங்குக்குப் போய் உட்காருவாராம். மருந்து இல்லை என்று சொன்னால், "இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க, நான் ஊர்ல காட்டணும்" என்பாராம். கையெழுத்துப் போட ஒருவரும் துணிய மாட்டார்கள். மருந்து எப்படியோ உள்ளேயிருந்து வந்துவிடும். திரும்பும்போது ரத வீதியில் ஒரு சர்பத் கடையில் ஐஸ் கேட்டு வாங்கிப் பிளாஸ்கில் நிரப்பிக்கொள்வாராம். உங்களில் சிலர் அந்தப் பிளாஸ்கைச் சுமந்திருப்பீர்கள். ஊசிக்கு ஒரு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு உங்களை அனுப்பாமல் தானே போனதையும், அலட்சியமாக இருந்தவர்களை நடுத்தெருவில் நிறுத்தித் திட்டியதையும் பார்த்திருப்பீர்கள். அவர் ஏன் அப்படி இருந்தார் என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கலாம். பேச்சி என்று ஒரு பிள்ளை இருந்தாள் என்பதுதான் காரணம். இதைப் பொறுமை என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை செய்தார் என்பதற்காகப் பேச்சிக்குச் சரியாகிவிட்டது என்று ஆகாது. அந்தச் சிறுவன் பிழைத்தான். பேச்சி பிழைக்கவில்லை. பஸ்ஸில் அவன் கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இவனுக்கு இருக்கிற இந்தக் கை அவளுக்கு ஏன் இல்லை என்று தோன்றியது. அதை நினைத்து வெட்கப்பட்டேன். இப்போது வெட்கப்படுவதில்லை.

அதன் பிறகு நான் அவரை விடவில்லை. அவரும் என்னை விடவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்ததும் போய்ச் சொன்னேன். கல்யாணத்துக்கு வந்தார். வாய்விட்டுப் பாசமாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் டீச்சரான பிறகு ஒருமுறை கேட்டார், உன் வகுப்பில் யாராவது பிள்ளை செத்துப்போனால் என்ன செய்வாய் என்று. அந்த இடத்தில் வேறு பிள்ளையை உட்காரவைக்க மாட்டேன் என்றேன். அது சரி என்றார். அப்புறம், அவளோடு நடந்து வந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேள் என்றார். ஒரு முறை அப்படி ஒரு நாள் எனக்கும் வந்தது. கேட்டேன். அந்தப் பிள்ளை ஒரு மணி நேரம் பேசினான்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன பெருநாளுக்குப் பிறகு. பாளையங்கோட்டையில் மகள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. பேச்சி இருந்தால் இப்போது நாற்பது தாண்டியிருப்பாள் என்று அவராகவே சொன்னார். எனக்கு என்ன தோன்றியதோ, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.

"எனக்கு இன்னமும் உங்க மேல கோவம் இருக்கு சிஸ்டர்."

அவர் முகம் மாறவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் ளா. எல்லாரும் மறந்துட்டாவ. மாடத்தியும் போய்ச் சேந்துட்டா. நானும் இன்னும் எத்தன நாளைக்கு. நீயும் மன்னிச்சுட்டன்னு வையி, அந்தப் பிள்ளைக்கு அப்புறம் யாரு இருக்கா? வச்சுக்கோ."

வைத்திருக்கிறேன்.